மலருக்கு இப்போது சொல்லவேண்டாம்

திருகோணமலை
12.02.1986

அன்பு மருமகன் குலேந்திரனுக்கு மாமா மார்க்கண்டு எழுதிக்கொள்வது,

கோணேசர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இங்கே சுகம் என்று எழுத வழியில்லை. தம்பி, இதை நின்றுகொண்டு வாசிக்காதே. எங்கேயாவது இருந்துகொள்.

அக்கா போய்விட்டா. மூன்றாம் திகதி விடியற்காலை அவவுக்குப் பழைய மூச்சு முட்டு இழுக்கத் தொடங்கியது. ஊரடங்கு. கார்க்காரன் கதவே திறக்கவில்லை. சைக்கிள் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டு போனேன். சந்தியில் ஆமிக்காரன் மறித்துத் திருப்பிவிட்டான். கெஞ்சினேன், காலில் விழாத குறை. வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரத்தில் என் மடியிலேயே உன் அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது.

நீ வைக்கவேண்டிய கொள்ளியை நான் வைத்தேன். கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குப் போகிற பாதை சரியில்லை. அதனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியைக் கடற்கரையோடு முடிக்கப்போகிறோம். நீ ஒரே மகன். அங்கே உன்னால் ஏலுமானதைச் செய். தலையையும் மீசையையும் எடு, கொஞ்ச நாளைக்கு மச்ச மாமிசம் தொடாதே. வேறென்ன சொல்ல.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேள். மலருக்கு இப்போது சொல்லவேண்டாம். எண்பத்துமூன்றில் உங்கள் அப்பாவைச் சுட்ட செய்தி கேட்ட அன்றே அவள் வயிற்றில் இருந்ததைப் பறிகொடுத்தவள். இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும். பிறந்து, துடக்குக் கழிந்த பிறகு நீ நேரில் போய், பக்கத்தில் இருந்து சொல். அதுவரைக்கும் நான் அவளுக்குக் கடிதம் போடமாட்டேன். ஊரில் தபால் இல்லை என்று சொல்லிவிடு. மச்சான்காரனிடம் மட்டும் காதோடு சொல்லி வை.

தைரியமாக இரு என்று எழுத எனக்கே தைரியமில்லை.

மாமா மார்க்கண்டு


வால்-பிளான்ஷ்
10.03.1986

என் அன்புத் தங்கச்சி மலருக்கு,

அண்ணன் நல்ல சுகம். நீயும் மச்சான் தியாகலிங்கமும், உள்ளே இருந்து உதைக்கிற அந்தப் பெரிய மனிதரும் சுகமாக இருக்கவேண்டும். வேறு வேண்டுதல் ஒன்றும் எனக்கில்லை. வாளி தூக்காதே. மெட்ரோவில் யாரும் எழும்பி இடம் தந்தால் வெட்கப்படாமல் இரு.

இந்த முறை நிறைய எழுதப்போகிறேன். நீ படுத்திருந்து வாசித்துச் சிரிக்கவேண்டும்.

இங்கே பனி இளகத் தொடங்கிவிட்டது. இனிச் சறுக்க வருகிற கூட்டம் குறையும், குசினியில் கோப்பை கழுவுகிற எங்களுக்கும் ஓய்வு கிடைக்கும் என்று பார்த்தால், எங்கள் ஹோட்டல் முதலாளியம்மா செலீன் விடுகிறா இல்லை. வாசலில் ஒரு பெரிய மட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறா, இளவேனிலில் வருகிற விருந்தாளிகள் இந்த மலையில் என்னென்ன செய்யலாம் என்று. சமையல்காரன் எனக்கு விளங்கப்படுத்தினான். வாசித்து முடிக்கமுன் எனக்கே களைத்துவிட்டது.

முதலாவது, வெயில் காய்வது. கம்பியில் தொங்கிப்போகிற கதிரையில் காசு கொடுத்து மேலே ஏறுவார்கள். ஏறிச் சறுக்குவதில்லை. அங்கே கதிரை போட்டு, முகத்தில் எண்ணெய் பூசி, மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருப்பார்கள். கீழே இடுப்பளவு பனி கிடக்கிறது! மூதூர் வெயிலில் இவர்களை ஒரு மணித்தியாலம் நிறுத்திவைத்தால் தெரியும்.

இரண்டாவது, வேடம் கட்டிச் சறுக்குவது. நேற்று ஒருவன் கோழி வேடம். செட்டை, கொண்டை எல்லாம் பக்குவமாய்த் தைத்துப் போட்டிருக்கிறான். உச்சியில் இருந்து கொக்கரித்துக்கொண்டு வந்தவன் நேரே எங்கள் குசினிக்குப் பின்னால் குப்பைப் பெட்டியில் வந்து மோதினான். நான் போய்த் தூக்கிவிட்டேன். ‘மெர்சி, மெர்சி’ என்று கையைக் குலுக்கினான். ஐம்பது வயது இருக்கும், மலர். வீட்டில் பேரப்பிள்ளைகூட இருக்கலாம்.

மிச்சத்தை அடுத்த கடிதத்துக்கு வைத்திருக்கிறேன். ஊரில் தபால் ஓடுவதில்லையாம். அங்கிருந்து கடிதம் வரவில்லை என்று யோசிக்காதே. ஊரில் எல்லாரும் அப்படி அப்படியே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்
குலேந்திரன்


செயின்ட்-மிஷேல், மொன்றியல்
20.03.1986

பாசமுள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கண்டதும் பாதிச் சுகம் வந்துவிட்டது. மிச்சச் சுகம் பிள்ளையைக் கையில் வாங்கினால்தான். நீங்கள் அந்தக் குளிருக்குள் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறீர்களோ? இருமல் விட்டுதோ?

கோழி வேடத்தை இவருக்கு வாசித்துக்காட்டினேன். துறைமுகத்தில் பெட்டி இறக்கிக் களைத்து வந்த மனிசன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ‘கொண்ணனுக்கு இவ்வளவு எழுத வருமெண்டு எனக்குத் தெரியாது’ என்கிறார். எனக்கும்தான் தெரியாது! ஊரில் இருந்தபோது ‘நான் சுகம், நீ சுகமா’ என்று எழுதப் பஞ்சிப்படுகிற ஆள் நீங்கள்.

ஆனால் அண்ணை, சண்டை ஒன்று இருக்கிறது. கோழி வேடம் போட்டவனுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு அரை வரிகூட இல்லை. எல்லாரும் அப்படி அப்படியே என்றால் என்ன அர்த்தம்? அம்மாவுக்கு முட்டு எப்படி? பனிக்காலத்தில் அவவுக்குக் கூடுமே. பொங்கலுக்குப் பிறகு எனக்கு ஒரு கடிதம் இல்லை. நான் மூன்று போட்டுவிட்டேன். மாமாவுக்கு என்ன, அவர் எழுதமாட்டாரோ? கீழ்வீட்டு பிலோமினம்மாவுக்குப் போன கிழமை மட்டக்களப்பில் இருந்து கடிதம் வந்ததே. அவவுக்கு ஓடுகிற தபால் எங்களுக்கு ஓடாதோ?

இரவில் ஒருக்களித்துப் படுத்தால் பிள்ளை உதைக்கிறது. நேராகப் படுத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. அம்மா பக்கத்தில் இருந்தால் இப்படிப் படு, அப்படிப் படு என்று அதட்டுவா. பக்கத்தில் ஆள் இல்லாமல் பெறுவது எவ்வளவு பயம் என்று ஆம்பிளையளுக்கு விளங்காது. சித்திரை கடைசியில் என்று டொக்டர் சொல்கிறார்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் உடனே எழுதுங்கோ. படம் ஒன்றும் அனுப்புங்கோ. உங்களைக் கண்டு எவ்வளவு நாள்.

உங்கள் அன்புத் தங்கச்சி
யோகமலர்


வால்-பிளான்ஷ்
02.04.1986

அன்புத் தங்கச்சிக்கு,

நலமாக இருக்கிறேன், இருமல் ஓடிவிட்டது. நீ ஒருக்களித்தே படு. இடது பக்கம் நல்லதென்று செலீன் சொல்கிறா. மூன்று பெற்றவ, தெரியாமல் சொல்லமாட்டா.

உன் சண்டை நியாயமானதுதான். மாமா ஒரு துண்டு போட்டிருந்தார். அம்மாவுக்கு இப்போது முட்டின் கரைச்சல் இல்லையாம். பிலோமினம்மாவின் தபால் கொழும்பாலே ஆரும் கொண்டுவந்து போட்டதாக இருக்கும். நீ ஒன்றையும் மனத்தில் போட்டுக் குழப்பாதே.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். இந்த ஞாயிறு இங்கே பெரிய கூத்து. மலை அடியில் கிடங்கு வெட்டி, உருகின பனித்தண்ணீரை நிரப்பிக் குளமாக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்து சறுக்கி வந்து, வந்த வேகத்திலேயே தண்ணீருக்கு மேலால் அக்கரைக்குப் போகவேண்டும். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் நடுக்குளத்தில் தொபுக்கடீர். விழுந்தவனுக்குத்தான் கூடக் கைதட்டு! எனக்கு அன்றைக்கு என்ன வேலை தெரியுமோ? கரையில் துவாய்க் கட்டோடு நிற்பது. விறைத்து நீலம் பாரித்து வருகிறவனைத் துவாயால் சுற்றிக் கொட்டிலுக்குள் தள்ளிவிடவேண்டும். ஒரு மனிசி என்னைக் கட்டிப்பிடித்து நடுங்கினா. அவவின் பல் கிட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. துவாயைச் சுற்றி முதுகைத் தேய்த்துவிட்டேன். மூச்சு இளைக்கிற ஆளுக்கு அப்படித்தானே செய்வோம்.

பிறகு எல்லாரையும் பாகு காய்ச்சுகிற கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேப்பிள் மரத்தில் துளைபோட்டு, வடிகிற தண்ணீரை நாள்முழுக்கக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். அதைக் கொதிக்கக் கொதிக்கப் பனிமேல் ஊற்றினால் உறைந்து இழுபடும். குச்சியில் சுற்றிச் சூப்பவேண்டும். உனக்குப் பிடிக்கும். பன்றி இறைச்சி, முட்டை என்று மேசை நிறைய வைத்தார்கள். நான் பாகு மட்டும் தின்றேன்.

படம் கேட்டாயே, செலீன் எடுத்தது. குளத்தங்கரையில் துவாயோடு நிற்பது நான்தான். பக்கத்தில் நிற்பது கோழிக்காரன், இந்த முறை கன்னியாஸ்திரி வேடம்.

பிள்ளைக்குத் துணியை இப்போதே வாங்கவேண்டாம். எல்லாம் பிறந்த பிறகு.

அண்ணன்
குலேந்திரன்


செயின்ட்-மிஷேல்
11.04.1986

அன்பு அண்ணைக்கு,

படம் கிடைத்தது. நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

எல்லாரும் கைக்கட்டைச் சட்டையோடு வெயில் காய்ந்துகொண்டு நிற்கிறார்கள். நீங்கள் மட்டும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருக்கிறீர்கள். முகம் வாடிக்கிடக்கிறது. மீசையை ஏன் எடுத்தீர்கள்? இவரிடம் காட்டினேன். ‘நல்லாய்த்தான் இருக்கிறார்’ என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

வருஷப்பிறப்புக்கு இந்த முறை நான் ஒன்றும் செய்யப்போவதில்லை. எண்ணெய் மணம் வயிற்றைப் பிரட்டுகிறது. எழுதவும் கை ஓடவில்லை, குறை நினைக்கவேண்டாம். மலையில் வேறென்ன நடக்கிறது என்று எழுதுங்கோ. வாசிக்க ஆசையாய் இருக்கிறது.

கவனமாய் இருங்கோ அண்ணை. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

யோகமலர்


வால்-பிளான்ஷ்
18.04.1986

அன்புள்ள மலருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று நம்பு. நீ சுகமாக இருக்கிறாய் என்று நான் நம்புகிறேன்.

மீசையா? அது பெரிய கதை. புதுச் சமையல்காரன் ஒருவன் வந்திருக்கிறான். குசினிக்குள் மீசை, தாடி ஒன்றும் ஆகாது, சூப்புக்குள் விழும் என்று சட்டம் போட்டுவிட்டான். கோப்பை கழுவுகிறவன் மீசை சூப்புக்குள் எப்படி விழும் என்று கேட்க எனக்குப் பிரெஞ்சு காணாது. எடுத்துவிட்டேன். தலையில் குளிர் ஏறினால் எனக்குச் சளி பிடிக்கும், அதுதான் தொப்பி.

இந்தக் கிழமை நடப்பது ஏரிப் பந்தயம். ஊர்நடுவில் ஒரு ஏரி, இன்னும் மேலே பனிக்கட்டி மூடியிருக்கிறது. அதன் நடுவில் ஒரு பழைய கதிரையைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். கட்டி உடைந்து கதிரை எந்த நாள் தாழும் என்று விருந்தாளிகள் சொல்லவேண்டும். சரியாகச் சொல்கிறவருக்கு ஹோட்டலில் இரண்டு நாள் இலவசம். பின்னேரத்தில் பிள்ளைகுட்டிகளோடு வந்து கரையில் நின்று அதைப் பார்க்கிறார்கள். ‘இண்டைக்குப் போகாது, நாளைக்கும் போகாது’ என்று ஒருவன் சாத்திரி மாதிரிச் சொல்கிறான். செலீன் என்னையும் கேட்டா. நான் எனக்குத் தெரியாது என்றேன்.

கட்டி போனபிறகு ஏரியில் மீன் பிடிக்கலாம். காட்டுக்குள் நடக்கலாம். சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம். மட்டையில் இன்னும் கிடக்கிறது. அதையெல்லாம் அடுத்த முறை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் நீ அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. யோசிக்காமல் இருப்பதே நல்லது. உன் உடம்பைப் பார்.

குலேந்திரன்


செயின்ட்-மிஷேல்
30.04.1986

அன்பின் மச்சான் குலேந்திரன் அவர்களுக்கு,

உங்கள் சுகத்துக்குக் கடவுள் துணை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுக்கவும்.

சனிக்கிழமை காலையில் பெட்டைப்பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நல்ல நிறை. அழுத அழுகைக்கு நேர்ஸ்மார் ஓடிவந்தார்கள். ஹோட்டல் போனை எடுத்தவர்களுக்கு நான் கதைத்தது விளங்கவில்லை, அதுதான் கடிதம்.

நீங்கள் மாசியில் சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. துறைமுகத்தில் எந்தப் பாரத்தையும் தூக்கிவிடலாம் மச்சான், இது ஏலாமல் கிடக்கிறது. ஒன்றைச் சொல்லவேண்டும். சித்திரை தொடக்கத்தில் இருந்து மலர் குளியலறைக்குள் போனால் தண்ணீரைத் திறந்துவிட்டு அரைமணித்தியாலம் வெளியே வருவதில்லை. வரும்போது கண் சிவந்திருக்கும். கேட்டால் சோப் பட்டது என்கிறா. வருஷத்தன்று ஆட்டிறைச்சி வாங்கிவந்தேன், தொடவில்லை. பிள்ளைப்பெறுமுன் இப்படித்தான் என்று பிலோமினம்மா சொன்னா. பெற்ற பிறகும் இப்படித்தான் இருக்கிறா.

கெதியாய் வாருங்கள்.

தியாகலிங்கம்


வால்-பிளான்ஷ்
07.05.1986

அன்புத் தங்கச்சி மலருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் சின்னப் பெட்டைக்கும்,

சுகமாய் இருங்கள், சுகமாய் இருங்கள். நூறுதரம் எழுதினாலும் எனக்குக் காணாது. மச்சானின் கடிதத்தைக் குசினிக்குள் நின்று வாசித்துவிட்டு எல்லாருக்கும் சொன்னேன். செலீன் பிள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை தந்திருக்கிறா. கொண்டுவருகிறேன்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிய, மாதக் கடைசிச் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன்னோடு இருந்து ஆறுதலாகக் கதைக்கவேண்டும்.

மலையைப் பற்றி எழுத இப்போது ஒன்றுமில்லை. மட்டையைக் கழற்றிவிட்டார்கள். மீன்பிடிக்க இன்னும் ஆள் வரவில்லை. பனி போன இடமெல்லாம் சேறு. கம்பிக் கதிரைகளை நிறுத்திவிட்டார்கள். ஹோட்டலில் விருந்தாளி இல்லை. சமையல்காரனும் ஊருக்குப் போய்விட்டான். நானும் செலீனும்தான் யன்னல் துடைக்கிறோம். பகிடி எழுதவேண்டும் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

ஏரிக் கதிரை போய்விட்டது. நான் பார்க்கவில்லை.

பிள்ளை பிறந்ததை மாமாவுக்கு எழுதுகிறேன். அம்மாவும் சந்தோஷப்படுவா.

அண்ணன்


செயின்ட்-மிஷேல்
14.05.1986

அன்பு அண்ணைக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனமில்லை. உங்களுக்குச் சுகமில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் இல்லை.

அம்மா சந்தோஷப்படுவா என்று எழுத உங்களுக்கு எப்படி அண்ணை கை வந்தது? அந்த வரியை வாசித்த பிறகு இனிமேலும் நடிக்க என்னால் ஏலாது. படத்தைக் கண்ட அன்றே எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நீங்கள் கிரியை செய்தபோது இதே முகத்தைப் பார்த்தவள் நான். மீசை இல்லாத அண்ணையை வாழ்க்கையில் ஒரேயொரு தரம்தான் கண்டிருக்கிறேன். வெயிலில் நின்று தொப்பி போட்டால் எனக்கு விளங்காதோ? நான் என்ன சின்னப்பிள்ளையோ?

சூப்புக்குள் மீசை விழும் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துச் சிரித்தேன், பிறகு குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாயில் துணியை அடைத்து அழுதேன். சத்தம் போட்டு அழுதால் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடும் என்று பயம். முந்தினதும் அப்படித்தானே போனது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ‘நீ கேளாதே, நீ கேளாதே’ என்று சொல்லிச் சொல்லி அழுதேன். இவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று இவருக்குத் தெரியாது. ஒரு மேசையில் இருந்து சோறு தின்றோம் அண்ணை, ஆளையாள் பாராமல்.

உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். எனக்காகத்தானே இந்தக் கோழியும் குளமும் எல்லாம் எழுதுகிறீர்கள். நான் தெரிந்துகொண்டேன் என்று அறிந்தால் உங்களுக்கு எழுத ஒன்றும் இல்லாமல் போய்விடும். அந்த மலையில் தமிழில் ஒரு சொல் கதைக்க ஆளில்லாமல் என்ன செய்வீர்கள் என்று நினைத்துத்தான் இன்னும் எழுதுங்கோ என்று கேட்டேன்.

கோபமும் இருக்கிறது, மறைக்கமாட்டேன். அம்மா போய் ஒரு தலைமுழுக்குக்கூட இல்லாமல் நான் மூன்று கடிதம் ‘அம்மா சுகமா’ என்று எழுதிப் போட்டிருக்கிறேன். அதை யார் பிரித்தார்கள்?

மாதக் கடைசிவரை பொறுக்கமாட்டேன். வாங்கோ. எனக்கு நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் அம்மாவுக்கு வாய்விட்டு அழவில்லை.

மலர்


வால்-பிளான்ஷ்
19.05.1986

மலர்,

உன் கடிதம் இன்றைக்குக் கிடைத்தது. என்னை மன்னித்துக்கொள் என்று எழுதி வெட்டிவிட்டேன். நீ மன்னிக்கவேண்டாம், நல்லாய் ஏசு. எனக்கு ஏச இப்போது நீ ஒருத்திதான் மிச்சம்.

மாமாவின் கடிதம் வந்த நேரம் குசினியில் சரியான கூட்டம். வாசித்துவிட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கோப்பை கழுவினேன். அறையில் என்னோடு இன்னும் மூன்று பேர், எங்கே இருந்து அழுவது? அடுத்த நாள் சவர அலகால் நானே தலையை வழித்தேன். பின்பக்கம் எட்டாமல் இரண்டு இடத்தில் வெட்டியும் விட்டது. ஹோட்டலுக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் கட்டியை உடைத்து, அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். மந்திரம் ஒன்றும் தெரியாது. ‘அம்மா, அம்மா’ என்றேன், அவ்வளவுதான்.

திரும்பி வர, செலீன் மொட்டையைப் பார்த்துப் பேன் என்று நினைத்து, மருந்துச் சோப்பும் தொப்பியும் தந்தா. என் கட்டில் துணியையெல்லாம் அவித்துக் கழுவ வைத்தா. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெர்சி என்று வாங்கிக்கொண்டேன்.

அந்தக் குளத்தங்கரையில் நடுங்கின மனிசியைப் பற்றி எழுதினேனே, அவவின் முதுகைத் தேய்க்கும்போது எனக்கு அம்மாவின் முதுகு மாதிரியே இருந்தது. அன்றைக்குக் கொஞ்சம் கண்ணீர் வந்தது. எல்லாரும் ஈரமாய் நின்றதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமையே பஸ்ஸில் வருகிறேன். மச்சானுக்குச் சொல்.

அண்ணன்


திருகோணமலை
28.06.1986

அன்பு மருமகள் யோகமலருக்கும் உன் கையில் இருக்கும் பிள்ளைக்கும்,

எல்லாரும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆசீர்வாதம். நீயும் தம்பியும் சேர்ந்து எழுதிய கடிதம் ஒரு மாதம் கழித்து வந்து சேர்ந்தது. அவன் வாசலில் வந்து நின்றதும் நீங்கள் குழறின குழறலுக்கு மேல்வீட்டு இத்தாலிக்காரர் பொலிசைக் கூப்பிடப் பார்த்தாராம். நல்லது பிள்ளை. அழவேண்டியதை அழுதுவிட்டீர்கள்.

நீ போட்ட மூன்று கடிதமும் என்னிடம்தான் இருக்கின்றன. நான் பிரிக்கவில்லை. அவை அக்காவுக்கு வந்தவை.

உன்னிடம் மறைக்கச் சொன்னது நான்தான். தம்பியை ஏசவேண்டாம். அம்மா எப்படிப் போனா, ஒன்றும் ஒளிக்காமல் எழுதுங்கோ என்று கேட்டிருக்கிறாய். தம்பிக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. எழுத எனக்குத் துணிவு வரவில்லை. இனி ஒளிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

சந்தியில் இருந்து திரும்பி வந்து, சுவரோடு நான் சாய்ந்து, அவவை என் மடியில் சாய்த்து வைத்திருந்தேன். இழுப்பு கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. அப்போது கேட்டா.

‘மார்க்கண்டு, மலருக்குப் பிறந்திட்டுதே?’

உனக்கு அப்போது ஆறு மாதம். இன்னும் நாள் கிடக்கு அக்கா என்று சொல்லியிருக்கவேண்டும். அவவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை பிள்ளை.

‘ஓம் அக்கா, பிறந்திட்டுது. தாயும் பிள்ளையும் நல்ல சுகம். இப்பதான் தந்தி வந்தது’ என்றேன். ஊரடங்குக்குள் தந்தி எப்படி வரும் என்று அவ கேட்கவில்லை.

‘என்ன பிள்ளை?’

‘பெடியன்’ என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

அக்கா சிரித்தா. உண்மையாகச் சிரித்தா. ‘அத்தானைப் போல இருக்கிறானோ?’ என்று உன் அப்பாவை நினைத்துக் கேட்டா. அவரேதான் என்றேன். ‘அப்ப அவரின்ரை பேரையே வைக்கச் சொல்லு. கவனமாய் வளர்க்கச் சொல்லு. இஞ்சாலை அனுப்பவேண்டாமெண்டு சொல்லு’ என்றா. சரி அக்கா, சொல்லுறன் என்றேன். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

பெட்டைப்பிள்ளை என்று நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்குவதில்லை. அக்கா இல்லாத ஒரு பேரனுக்குப் பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறா. அவவுக்கு உண்மையான பேத்தி ஒருத்தி இருக்கிறாள் என்று அவவுக்குத் தெரியாது. பொய் சொன்னவன் நான். நான்தான் போய்த் திருத்தவேண்டும். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள்ளும் தண்ணீரும் விடும்போது அக்காவிடம் சொல்லப்போகிறேன்.

உன் பெட்டைக்கு என்ன பேர் வைத்தாய் என்று நீ எழுதவில்லை. கெதியாய் எழுது. பேர் தெரியாமல் போய் நான் அவவிடம் என்னவென்று சொல்ல?

மாமா மார்க்கண்டு